நிறம் போனால் நஞ்சு போனதா?

டி.என்.ஏ.வை ஒளிரச் செய்யும் சாயமான எத்திடியம் புரோமைடைப் பற்றி ஆய்வகங்களில் இரண்டு பேச்சு உண்டு. தொட்டாலே புற்றுநோய் வரும் என்பது ஒன்று. மாட்டுக்கே ஊசியாகப் போட்ட மருந்துதானே, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்கிறவர்கள் ஒரே மேசையில் அருகருகே நின்று ஒரே ஜெல்லை ஊற்றுவார்கள். வேலை முடிந்ததும் மிஞ்சிய பஃபரில் பிளீச்சிங் கரைசலைக் கலந்து, செந்நிறம் வெளுத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, சிங்க்கில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். பேச்சில் முரண்படுகிறவர்கள் பழக்கத்தில் ஒன்றுபடுகிற இந்த இடம்தான் திறனாய்வுக்கு உரியது. சாயம் கொடியதா, சாதுவா என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்வது ஒருபுறம் இருக்கட்டும். அதைக் கையாளும் முறைமை எந்தச் சான்றின்மேல் நிற்கிறது, அதன் உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதே இங்கு கேள்வி.

ஓசூரிலிருந்து இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மோட்டார் தொழிலுக்கும் கைக்கடிகாரத்துக்கும் பெயர்போன ஊர் என்றே வெளியார் இதை அறிவார்கள். ஆனால் மல்பெரி, பட்டுப்புழு மரபு வளங்களைக் காக்கும் மத்தியப் பட்டு வாரியத்தின் மையம் தளி சாலையில் இருக்கிறது. மத்திகிரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி, பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி என்று மாவட்டத்தின் அறிவியல் வரைபடம் விரிந்துகொண்டே போகிறது. கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியைத் தாண்டினால் பொம்மசந்திரா, ஜிகணி, எலக்ட்ரானிக் சிட்டி என்று பயோகானும் சின்ஜீனும் உள்ள உயிரித் தொழில்நுட்ப வட்டாரம். இங்கே கல்லூரி ஆய்வகத்தில் கற்ற கைப்பழக்கம் எல்லையைக் கடந்து அங்கே வேலைக்குப் போகிறது. மேற்சொன்ன எந்த நிறுவனத்தின் நடைமுறையும் இங்கு மதிப்பீட்டுக்கு உள்ளாகவில்லை. மூத்த மாணவரிடமிருந்து இளையவருக்கு வாய்மொழியாக இறங்கிவரும் முறைமையை மட்டுமே எடைபோடுகிறேன்.

சாயத்தின் வரலாறு வாசகர் அறிந்ததே. தேவையான அளவு மட்டும் சொல்கிறேன். 1952-இல் வாட்கின்ஸ், வூல்ஃப் இருவரும் டிமிடியம் புரோமைடு என்ற கால்நடை மருந்தின் மெத்தில் தொகுதிக்குப் பதிலாக எத்தில் தொகுதியை வைத்து இதை உருவாக்கினார்கள். ஹோமிடியம் என்ற பெயரில் ஆப்பிரிக்க மாடுகளின் நகானா நோய்க்கு இது ஊசி மருந்தாயிற்று. 1960-களில் லெப்பெக், பவோலெத்தி ஆகியோர் இதன் ஒளிர்வைக் கொண்டு நியூக்ளிக் அமிலத்தை அளந்தார்கள். 1972-இல் ஆய், போர்ஸ்ட் இருவரும், 1973-இல் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் ஷார்ப், சக்டென், சாம்புரூக் மூவரும் இதை அகரோஸ் ஜெல்லுக்குக் கொண்டுவந்தார்கள். டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கு நடுவே செருகிக்கொண்டதும் ஒளிர்வு ஏறத்தாழ 20 மடங்கு கூடுகிறது. எந்தப் பண்பால் பயன்படுகிறதோ அந்தப் பண்பாலேயே ஐயத்துக்கும் உள்ளாகிறது: ஏணியின் படிகளுக்கு இடையே புகுந்த பொருள், ஏணி நகலாகும்போது எழுத்துப் பிழையை உண்டாக்கலாம்.

அந்த ஐயத்துக்கு என்ன சான்று? ஏம்ஸ் சோதனையில், சால்மொனெல்லா பாக்டீரியத்தின் சில வகைகளில், எத்திடியம் மரபுப் பிறழ்வை உண்டாக்குகிறது. ஆனால் கல்லீரல் சாற்றைச் சேர்த்தால்தான் அந்த விளைவு தெரிகிறது. 1977-இல் மெக்கிரெகர், ஜான்சன் இருவரும் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். அதாவது சாயம் தன் இயல்பான வடிவில் பிறழ்வு செய்வதில்லை. கல்லீரல் நொதிகள் அதை மாற்றிய பின்பே அந்த ஆற்றல் வருகிறது. வளர்ப்புச் செல்களில் இது மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வைப் படிப்படியாக இல்லாமலாக்கும் என்பது மற்றொரு சான்று. 1989-இல் கிங், அட்டார்டி இருவரும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. இல்லாத மனிதச் செல்களை இதைக் கொண்டே உருவாக்கினார்கள். ஆகவே இது செல்லுக்குள் புகும், புகுந்தால் வேலை செய்யும். அதில் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை வகைப்படுத்தியதே இல்லை. ஐரோப்பிய வகைப்பாடு சொல்வது மூன்று: மூச்சில் உள்ளிழுத்தால் உயிராபத்து, விழுங்கினால் தீங்கு, மரபுக் குறைபாடு உண்டாக்கக்கூடும் என்ற ஐயம்.

இந்த மூன்றின் தரவரிசையைக் கவனியுங்கள். மிகக் கடுமையான சொல் மூச்சுக்குத்தான் போடப்பட்டிருக்கிறது. நம் ஆய்வகச் சுவர்களில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையோ மூன்றாவதை முதலில் வைத்து, முதலாவதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறது. முறைமையின் முதல் பிழை இங்கேதான் நிகழ்கிறது. அச்சம் பெரிதா சிறிதா என்பதைவிட, அச்சம் தவறான இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதே குற்றச்சாட்டு.

இதற்கு இணையான நிகழ்வு நம் மாநிலத்தில் அண்மையில் நடந்தது. 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி சாயம் இருப்பது ஆய்வில் தெரிந்து, தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. தடை முற்றிலும் சரியானது. உணவில் அனுமதி இல்லாத சாயம், குழந்தைகள் தின்னும் பண்டம். ஆனால் அதை ஒட்டி எழுந்த பேச்சில் புற்றுநோய் என்ற சொல் புழங்கிய அளவுக்குச் சான்றின் எடை பேசப்படவில்லை. அதே சர்வதேச முகமை ரோடமின்-பியை மூன்றாம் பிரிவில், அதாவது மனிதரைப் பொறுத்துத் தீர்ப்புச் சொல்லப் போதிய சான்று இல்லாதவற்றுள், வைத்திருக்கிறது. சரியான முடிவைத் தவறான காரணத்தால் எட்டிப் பழகினால், அடுத்த பொருளைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய நாளில் கையில் அளவுகோல் இருக்காது.

மாட்டு ஊசி வாதத்துக்கு வருவோம். அதன் வலு கணக்கில் இருக்கிறது. ஜெல்லில் வழக்கமாகச் சேர்க்கும் அளவு மில்லி லிட்டருக்கு 0.5 மைக்ரோ கிராம். 50 மில்லி லிட்டர் ஜெல் ஒன்றுக்கு 25 மைக்ரோ கிராம் போதும். மில்லி லிட்டருக்கு 10 மில்லி கிராம் செறிவுள்ள ஸ்டாக் கரைசலில் இது 2.5 மைக்ரோ லிட்டர். நகானாவுக்குக் கொடுத்த அளவு உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லி கிராம். 300 கிலோ மாட்டுக்கு 300 மில்லி கிராம், அதாவது 12,000 ஜெல்களின் சாயம் ஒரே ஊசியில். இந்த விகிதத்தை அறிந்த பிறகும், ஜெல்லைத் தொட்ட விரலைப் பார்த்து அலறுவது அறிவியல் ஆகாது.

ஆனால் வாதத்தின் குறையும் அதே கணக்கில்தான் இருக்கிறது. மாட்டுக்குப் போட்டது ஒரு கொடிய நோயின் எதிரே, நன்மை தீமைகளைத் தூக்கிப் பார்த்து எடுத்த முடிவு. ஆய்வகத்து மாணவிக்கு அந்தச் சாயத்தால் உடம்புக்கு எந்த நன்மையும் இல்லை. எனவே தீமை எவ்வளவு சிறிதானாலும் தராசின் மறுதட்டு வெறுமையாகவே இருக்கிறது. மேலும் நகானா மாடுகளை எவரும் முப்பது ஆண்டு பின்தொடர்ந்து புற்றுநோயைத் தேடவில்லை. மாடு அவ்வளவு காலம் வைத்திருக்கப்படுவதும் இல்லை. உடனடி நஞ்சாக இது பெரிதல்ல என்பதற்கு மாடு நல்ல சாட்சி. நெடுங்காலத் தீங்கைப் பற்றி அந்தச் சாட்சிக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கணக்கை இன்னும் ஒரு படி நீட்டினால் முறைமையின் உண்மையான பலவீனம் தெரியும். 25 மைக்ரோ கிராம் என்றால், 1 கிராம் பொடி 40,000 ஜெல்லுக்கு வரும். ஒரு கல்லூரி ஆய்வகம் வாங்கும் சிறிய குப்பி அதன் ஆசிரியர்களின் பணிக்காலத்தையும் தாண்டி நிற்கக்கூடியது. அதை எப்போதாவது ஒருமுறை திறந்து ஸ்டாக் கரைசல் தயாரிப்பார்கள். அந்தக் காட்சியை அருகில் பார்க்க வேண்டும். மின்தராசின் தட்டில் பட்டர் பேப்பர், அடர்சிவப்புப் படிகப் பொடி, சிறு கரண்டி. மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றாது, கோடைக்காலம். எண் ஆடிக்கொண்டே இருப்பதால் பொறுமையிழந்து கரண்டியைத் தட்டுவார்கள். மூக்கில் முகக்கவசம் இருக்காது, கையில் மட்டும் கையுறை இருக்கும். மூச்சில் போனால் உயிராபத்து என்று வகைப்படுத்தப்பட்ட பொருள் மூச்சுக்கு மிக அருகே, தூளாக, காற்றடியில் இருக்கும் ஒரே தருணம் இதுதான். இந்தத் தருணத்துக்கு நம் முறைமையில் விதி இல்லை, 2.5 மைக்ரோ லிட்டரைப் பைப்பெட்டில் எடுக்கும் தருணத்துக்கோ பத்து விதிகள்.

இதற்கு மாற்று எளிது, விலையும் அதிகமில்லை. பொடியை வாங்காமல், மில்லி லிட்டருக்கு 10 மில்லி கிராம் செறிவில் தயாராகக் கரைத்த கரைசலை வாங்கலாம், மாத்திரையாகவும் கிடைக்கிறது. ஏற்கெனவே அலமாரியில் பொடி இருந்தால், அளந்து எடுக்காமல் குப்பிக்குள்ளேயே தண்ணீர் ஊற்றி முழுவதையும் கரைத்துவிடலாம்: குப்பியில் 1 கிராம் என்றால் 100 மில்லி லிட்டர், புகைக்கூண்டுக்குள், ஒரே முறை. தராசு இந்தக் கதையிலிருந்தே வெளியேறிவிடும். ஒரு முறைமையின் தரத்தை அதன் எச்சரிக்கைகளின் எண்ணிக்கையால் அளப்பவர்கள் இதைச் சிறிய திருத்தம் என்பார்கள். ஆபத்து உச்சத்தில் இருக்கும் படியையே நீக்கிவிடுவதைவிடப் பெரிய திருத்தம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

மற்ற படிகளை விரைந்து கடக்கலாம். மைக்ரோவேவில் கொதித்த அகரோஸை 60 பாகைக்குக் கீழே ஆறவிட்டுச் சாயம் சேர்ப்பது நல்ல வழக்கம். கொதிக்கும் அகரோஸ் திடீரெனப் பொங்கிக் கையைச் சுடுவதுதான் அந்த இடத்தின் நிச்சயமான விபத்து. டிரான்ஸ்இலுமினேட்டரின் புறஊதாக் கதிர் கண்ணுக்கும் மணிக்கட்டுக்கும் செய்யும் தீங்கு சாயம் செய்வதைவிட உறுதியாக நிறுவப்பட்டது. ஆனாலும் முகத்தடுப்பு பல இடங்களில் கொக்கியில்தான் தொங்குகிறது. நைட்ரைல் கையுறை போடுகிறார்கள், அது நிறை. அதே கையுறையோடு கதவுப் பிடியையும் கைப்பேசியையும் தொடுகிறார்கள், அந்த நிறை அங்கேயே கரைந்துவிடுகிறது. இருட்டில் கையடக்கப் புறஊதா விளக்கை மேசைமேல் ஓட்டிப் பார்த்தால் ஆரஞ்சு நிறப் பொட்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்பது தெரியும். ஒரு விளக்கு போதும், உரையே தேவையில்லை.

இனி, பிளீச்சிங். இதில் சற்று நின்றாக வேண்டும்.

சாயக் கழிவை நஞ்சகற்றும் எந்த முறையையும் மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். நிறம் போகிறதா? ஒளிர்வு போகிறதா? பிறழ்வு செய்யும் ஆற்றல் போகிறதா? முதல் இரண்டும் கண்ணுக்கு விடை தருபவை. மூன்றாவதற்கு ஏம்ஸ் சோதனை வேண்டும். பிளீச்சிங் கரைசல் முதல் இரண்டிலும் முழு மதிப்பெண் பெறுகிறது. சிவப்பு வெளுக்கிறது, புறஊதா விளக்கில் ஒளியும் இல்லை. மூன்றாவதில்தான் சிக்கல். 1988-இல் கியார்தே, ஹோஃப்னுங் இருவரும் வெளியிட்ட சோதனையின்படி, ஹைப்போகுளோரைட் கலந்தபின், கல்லீரல் சாற்றோடு செய்யும் சோதனையில் பிறழ்வாற்றல் ஏறத்தாழ 1,000 மடங்கு குறைகிறது. இது சிறிய சாதனையல்ல. பிளீச்சிங்கை வெறும் மூடப்பழக்கம் என்று தள்ளிவிடுகிறவர்கள் இதை மறைக்கிறார்கள். ஆனால் அதே சோதனை இன்னொன்றையும் காட்டியது: விளைந்த புதுப்பொருள் கல்லீரல் சாறே இல்லாமல் பிறழ்வு செய்கிறது. மூலச் சாயத்துக்குத் தேவைப்பட்ட இடைத்தரகர் இதற்குத் தேவையில்லை. எத்திடியம் என்று பெயர் தெரிந்த ஒன்றை, என்னவென்று பெயர் தெரியாத, நேரடியாக வினைபுரியும் ஒன்றாக மாற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் தீர்ந்தது என்று எழுதிவைக்கிறோம். போதாததற்கு, ட்ரிஸ் கலந்த பஃபரில் குளோரினைச் சேர்த்தால் குளோரமீன்கள் வேறு உருவாகும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமல்ல. நோய்க்கூறு ஆய்வகங்களில் ஹைப்போகுளோரைட்டே அரசன். கிருமியைக் கொல்வதில் அதன் தகுதி ஐயத்துக்கு அப்பாற்பட்டது. கிருமிக்குச் செல்லுபடியான தீர்வை வேதிப்பொருளுக்கும் நீட்டியதில்தான் பிழை. கிருமி இறந்தால் கதை முடிந்தது; மூலக்கூறு உடைந்தால் இன்னொரு மூலக்கூறின் கதை தொடங்குகிறது. சாம்புரூக் குழுவினரின் செயல்முறை நூலின் 1989 பதிப்பிலேயே மாற்று முறைகளும் அவற்றின் வரம்புகளும் அச்சாகிவிட்டன. நம் பயிற்சிக் கையேடுகள் பல அந்த நூலிலிருந்து ஜெல் ஊற்றும் பக்கத்தை எடுத்துக்கொண்டு, கழிவைப் பற்றிய பக்கத்தை விட்டுவிட்டன.

மாற்று முறைகள் மூன்று. பொட்டாசியம் பர்மாங்கனேட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த முறையில் பிறழ்வாற்றல் 3,000 மடங்குவரை குறைந்ததாகப் பதிவு. எண் கவர்ச்சியானது, ஆனால் சாயமே சேர்க்காத ஒப்பீட்டுக் கரைசல்கள்கூடச் சில வேளை பிறழ்வு காட்டின என்ற குறிப்பும் கூடவே உண்டு. முறையே நஞ்சைப் பிறப்பிக்கிறதோ என்ற கேள்வி எழும்போது 3,000 என்ற எண்ணுக்கு மதிப்பில்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் லன், சான்சோன் இருவரும் 1987-இல் தந்த முறை நேர்மையானது: கரைசலை மில்லி லிட்டருக்கு 0.5 மில்லி கிராமுக்குக் கீழே நீர்த்து, ஒவ்வொரு 100 மில்லி லிட்டருக்கும் 5 விழுக்காடு ஹைப்போபாஸ்பரஸ் அமிலம் 20 மில்லி லிட்டர், 0.5 மோலார் சோடியம் நைட்ரைட் 12 மில்லி லிட்டர் சேர்த்து, pH மூன்றுக்குக் கீழே இருப்பதைச் சரிபார்த்து, ஒரு நாள் வைத்துப் பின் சோடியம் பைகார்பனேட்டால் நடுநிலையாக்க வேண்டும். குறைப்பு ஏறத்தாழ 200 மடங்குதான். ஆனால் மூன்றாவது கேள்வியை முன்வைத்து வகுக்கப்பட்ட முறை இது. முடிவைப் பிறழ்வுச் சோதனையால் உறுதிசெய்த பிறகே வெளியிட்டார்கள். குறை, அதைச் செய்கிறவருக்குத் திறமை வேண்டும்: அரிக்கும் அமிலம், நைட்ரஜன் ஆக்சைடு வாயு, புகைக்கூண்டு இல்லாமல் முடியாது. செறிவான ஸ்டாக் கரைசலைத் தீர்க்க இது பொருத்தம். தினசரி பஃபருக்கு இதைக் கேட்டால் எவரும் செய்யமாட்டார்கள், செய்யாத முறைக்குப் பாதுகாப்பு மதிப்பு எதுவும் இல்லை.

மூன்றாவது, தூளாக்கிய செயலூட்டிய கரி. மில்லி லிட்டருக்கு 0.5 மைக்ரோ கிராம் செறிவுள்ள 100 மில்லி லிட்டர் பஃபருக்கு 100 மில்லி கிராம் கரி. ஒரு மணி நேரம், அவ்வப்போது குலுக்கல், வாட்மேன் ஒன்றாம் எண் தாளில் வடித்தல். வடிந்த நீரைக் கொட்டலாம். கரியும் தாளும் உறையிட்டு எரிப்புக்குப் போக வேண்டும். இது நஞ்சை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது என்பது இதன்மேல் வைக்கப்படும் குறை. உண்மைதான். ஆனால் எங்கே இருக்கிறது என்பதை நாம் அறிந்த நஞ்சு, என்னவாயிற்று என்று அறியாத நஞ்சைவிடக் கையாளத் தகுந்தது. லிட்டர் கணக்கான திரவத்தைச் சில கிராம் திண்மமாகச் சுருக்கித் தருவதால், கழிவை எடுத்துச் செல்லும் சிக்கலையும் அது சுருக்குகிறது. எத்திடியம் 262 பாகை செல்சியஸில் சிதைவது. முறையான எரியுலை எதற்கும் அது சவாலே இல்லை.

பாதுகாப்பான மாற்றுச் சாயங்கள் என்று விற்கப்படுவன பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல துறைத்தலைவர்கள் அவற்றை வாங்கியதோடு விவாதம் முடிந்ததாக நினைக்கிறார்கள். சைபர் சேஃப் நீல ஒளியிலேயே ஒளிர்வதால் புறஊதாவை விட்டொழிக்க வழிசெய்கிறது. கண்ணுக்கும் தோலுக்கும் மெய்யான லாபம், மனம் நிறைந்து பாராட்டுகிறேன். ஜெல்ரெட் செல்லுறையைக் கடக்க முடியாதபடி பெரிதாக வடிவமைக்கப்பட்டது. அதன் அமைப்பு இரண்டு எத்திடியங்களை ஓர் இணைப்பால் கட்டியது என்று 2015-இல் தெரியவந்தது. கடக்காதவரை பாதுகாப்பு என்பது ஏற்கத்தக்க தர்க்கம். ஆனால் அந்தத் தர்க்கத்துக்கு ஆதாரமான சோதனைகளில் பெரும்பகுதி தயாரிப்பாளர்களே செய்தவை. சைபர் கிரீன்-ஒன்று ஏம்ஸ் சோதனையில் எத்திடியத்தைவிடச் சாதுவாகத் தோன்றியது. 2001-இல் ஓட்டாவும் உடன் ஆய்ந்தவர்களும் அது புறஊதாவின் பிறழ்வு விளைவைப் பாக்டீரியாவில் பெருக்குவதைக் கண்டார்கள். ஐம்பது ஆண்டுகளாகக் குறைகள் அம்பலமான பழைய சாயத்துக்கும், குறைகளைத் தேட இன்னும் போதிய காலம் கிடைக்காத புதியவற்றுக்கும் இடையே தேர்வு இது. வாங்க வசதியிருந்தால் நீல ஒளிக்காக வாங்கலாம். கழிவை அலட்சியமாகக் கொட்டும் உரிமை அந்த விலையில் அடங்காது.

சட்டத்தின் நிலை இன்னும் குழப்பமானது. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் ஆராய்ச்சி நிறுவனங்களையும் கல்வி நிறுவனங்களையும் உள்ளடக்குகின்றன; ஆனால் அவற்றின் பொருள் மனித, விலங்கு நோயறிதல், சிகிச்சை, தடுப்பூசி, அவை சார்ந்த ஆய்வு ஆகியவற்றில் விளையும் கழிவு. அதே 2016-இன் அபாயகரக் கழிவு விதிகள் அந்தக் கழிவைத் தம் எல்லைக்கு வெளியே நிறுத்துகின்றன. எத்திடியத்தைப் பெயர் சொல்லியும் குறிப்பதில்லை, நச்சுத்தன்மை என்ற பொதுப்பண்பின் வழியேதான் அதை உள்ளே கொண்டுவர முடியும். விளைவு என்ன? மாட்டின் குருதியிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை ஓட்டிய ஜெல் ஒரு விதிக்குள். மல்பெரி இலையிலிருந்து எடுத்ததை ஓட்டிய ஜெல் இன்னொரு விதிக்குள். சாயம் ஒன்று, செறிவு ஒன்று, தீங்கு ஒன்று. மாதிரி எங்கிருந்து வந்தது என்பதைக் கொண்டு பையின் நிறமும் வண்டியும் மாறுகின்றன. தனித்தனியே இரண்டு விதிகளும் நன்கு வரையப்பட்டவை. சேர்த்துப் படிக்கும்போது ஒருமை இல்லை.

ஓசூருக்கென்று தனியாக ஒரு முடிச்சும் உண்டு. தமிழ்நாட்டின் அபாயகரக் கழிவுகளை ஏற்று நிலத்தில் புதைத்தும் எரித்தும் தீர்க்கும் முதன்மையான நிலையம் கும்மிடிப்பூண்டியில். ஓசூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். கர்நாடகத்தினுடையது தாபஸ்பேட்டையில், பெங்களூரைக் கடந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். நியாயமாகப் பார்த்தால் கழிவு குறைந்த தூரம் ஓட வேண்டும். ஆனால் மாநில எல்லையைக் கடந்து இறுதித் தீர்வுக்கு அனுப்ப இரண்டு மாநில வாரியங்களின் தடையின்மைச் சான்றும் வேண்டும். ஒவ்வொரு அனுப்புதலுக்கும் நிறம் நிறமாக ஏழு படிகள் கொண்ட சரக்குச் சீட்டும் வேண்டும். டன் கணக்கில் கழிவு விளையும் ஆலைக்கு இந்த ஏற்பாடு மிகச் சரியானது. நடுவழியில் எந்த லாரியும் ஏரிக்கரையில் கவிழ்த்துவிட்டுப் போக முடியாதபடி ஏழு படிகளும் ஒன்றையொன்று காவல் காக்கின்றன. ஆனால் ஆண்டுக்கு அரைக் கிலோ கரியும் ஒரு மூட்டை ஜெல்லும் விளையும் கல்லூரிக்கு அதே ஏற்பாடு அடைத்த கதவாக நிற்கிறது. 90 நாளுக்கு மேல் கழிவைச் சேர்த்துவைக்கக் கூடாது என்பது பொதுவிதி. 10 டன்னுக்குக் குறைவாக விளைவிப்போருக்கு வாரியம் 180 நாள்வரை நீட்டிக்கலாம். எந்தக் கெடுவுக்குள்ளும் ஒரு வண்டி வந்து அள்ளிப்போகும் அளவுக்கு அந்தக் கல்லூரியில் கழிவு சேராது. கதவு அடைத்திருக்க, சிங்க் எப்போதும் திறந்திருக்கிறது.

சிங்க்கின் மறுமுனை எங்கே என்று இந்த வட்டாரத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. பெங்களூரின் கழிவைச் சுமந்து தென்பெண்ணை கெலவரப்பள்ளி அணையில் நுரை தள்ளும் காட்சியை ஆண்டுதோறும் பார்க்கிறோம், கர்நாடகத்தைக் குற்றம் சொல்கிறோம். அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. அதே ஆறு ஓசூரைக் கடந்து கே.ஆர்.பி. அணைக்குப் போகிறது. நம் ஆய்வகங்களின் எத்திடியம் அந்த நுரையின் முன்னே ஒரு துளிகூட இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அளவைப் பேசிவிட்டு இங்கே அளவை மறப்பது முறையாகாது. ஆனால் மேல்மடையாரிடம் கேட்கும் ஒழுங்கைக் கீழ்மடைக்கு நாமே காட்டாவிட்டால், கேட்கும் குரலில் வலு இருக்காது.

ஆகவே என் தீர்ப்பு இது. சாயம் தன் பெயருக்கு ஏற்ற அளவு கொடியதல்ல. நீர்த்த நிலையில் அதைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை, அலட்சியம் செய்யவும் உரிமையில்லை. அதைக் கையாளும் முறைமையோ, ஜெல் ஊற்றும் பகுதியில் தேர்ச்சி பெற்று, பொடியைக் கையாளும் பகுதியிலும் கழிவுப் பகுதியிலும் தோற்கிறது. பொடி வாங்குவதை நிறுத்த வேண்டும். பிளீச்சிங் ஆய்வகத்தின் கிருமிப் பக்கத்தோடு நின்றுகொள்ள வேண்டும். தினசரி பஃபருக்குக் கரி, பழைய ஸ்டாக்குக்கு லன், சான்சோன் முறை, ஜெல்லுக்கும் டிப்புக்கும் கையுறைக்கும் எரியுலை. இதில் கல்லூரியால் முடிந்தது பாதி. மறுபாதி மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் கையில் இருக்கிறது. சிப்காட்டின் பெரிய ஆலைகள் அபாயகரக் கழிவை முறைப்படி அனுப்பிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த வண்டியிலேயே ஆண்டுக்கு இருமுறை சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் உறையிட்ட பைகளையும் ஏற்றிக்கொள்ள, ஒரே சீட்டில் பல சிறு அனுப்புநர்களைப் பதிய, தாபஸ்பேட்டைக்கே அவற்றை அனுப்ப இரு மாநில வாரியங்களும் கூடி ஒரு நிலையான தடையின்மைச் சான்றைத் தர வேண்டும். பைமேல் எழுத வேண்டியது மூன்றே: சாயத்தின் பெயர், கரியின் எடை, வடித்த தேதி.